எட்டுப் புருஷன்மாரைக் காணோம்

ராஜலக்ஷ்மி டீச்சர் எதையாவது எழுத உட்கார்ந்தால், பேனா மூடியைத் திறப்பதற்கு முன் குனிந்து மேசைக்கு அடியில் ஒரு தடவை பார்த்துக்கொள்வாள். ஸ்ரீராம்புரம் பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்த்தவர்கள், எலிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தார்கள். எலியாவது, புலியாவது! எலியாக இருந்தால் ஒரு பொறி வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்க மாட்டாளா? அவள் பார்த்தது இரண்டு கால்களை. முழங்கால்வரை சுண்ணாம்பு தெறித்துக் காய்ந்துபோன, ஓர் ஆணின் வெறுங்கால்கள். சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. பத்து வருஷம் இப்படியே போயிற்று. அந்தக் கால்கள் அங்கே எப்படி வந்தன என்று சொல்லிவிட்டால் அவள் கதையைச் சொன்ன மாதிரிதான்.

அவள் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா மில் மேஸ்திரி. டீச்சர் ட்ரெயினிங் முடித்ததும் கார்ப்பரேஷன் பள்ளியில் தமிழ்ப் பிரிவில் வேலை கிடைத்தது. இருபத்தாறு வயதில் வைத்தீஸ்வரனுக்குக் கழுத்தை நீட்டினாள். ஒன்பது வருஷம் குடும்பம் நடந்தது, குழந்தை இல்லை. எண்பத்து மூன்றாம் வருஷம் ஒரு திங்கட்கிழமை காலையில், இஸ்திரி போட்ட நாலு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு அந்த மனிதர் கிளம்பிப் போனார். மைசூர் ரோடு பக்கம் வேறொருத்தியோடு இருக்கிறார் என்பது ஒரு மாசத்துக்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ராஜலக்ஷ்மி பஞ்சாயத்துக்கும் போகவில்லை, கோர்ட்டுக்கும் போகவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. கேட்டவர்களிடம், "அவருக்கு ஜபல்பூருக்கு டிரான்ஸ்பர் ஆயிடுச்சு" என்றாள். வாயில் முதலில் வந்த ஊர் அதுதான். வருஷக்கணக்கில் ஒரு மனிதனுக்கு ஒரு நாள் லீவுகூடக் கிடைக்காதா என்று தெருவில் ஒருத்தரும் கேட்கவில்லை, புண்ணியவான்கள். கழுத்தில் தாலி இருந்தது. பள்ளி ரிஜிஸ்டரில் திருமதி இருந்தது. சட்டப்படி பார்த்தால் அதில் ஒரு பொய்யும் இல்லை. கோர்ட்டு பிரிக்காதவரை பெண்டாட்டி பெண்டாட்டிதான். அந்தச் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் அவள் தன் தெருவான மூன்றாவது கிராஸில் தலைநிமிர்ந்து நடந்தாள்.

தொண்ணூற்றொன்றில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. டீச்சர்களை விட்டால் சர்க்காருக்கு வேறு ஆள் ஏது? ராஜலக்ஷ்மிக்கு அவள் குடியிருந்த பிளாக்கையே கொடுத்தார்கள். இரண்டு கிராஸ், நூற்று நாற்பது வீடு, அதில் அவள் வீடும் ஒன்று. ஆளுக்கு ஒரு சீட்டு. பெயர், வயது, தாய்மொழி, படிப்பு, அப்புறம் திருமண நிலை. அதற்கு நாலே நாலு பதில். கல்யாணமே ஆகாதவர், மணமானவர், துணையை இழந்தவர், நாலாவதாக விவாகரத்து ஆனவரையும் பிரிந்து வாழ்பவரையும் ஒன்றாகக் கட்டிப்போட்ட ஒரு பதில். ஊரில் உள்ள அத்தனை குடும்பங்களின் சிரிப்பும் அழுகையும் அந்த நாலுக்குள் அடங்கியாக வேண்டும்.

கோடி வீட்டில் சின்னத்தாயி இருந்தாள். மல்லேஸ்வரத்தில் தெருக்கூட்டும் வேலை. புருஷன் ரங்கா வெள்ளையடிக்கிறவன். கோவாவில் கட்டட வேலை என்று போனவன், இரண்டு வருஷமாக ஆளும் இல்லை, கடுதாசியும் இல்லை. ராஜலக்ஷ்மி போனபோது ரங்காவின் தம்பி வாசலில் நின்றிருந்தான். அவனே முந்திக்கொண்டு பதில் சொன்னான்.

"அண்ணன் போயிட்டாரு டீச்சர். இனிமே அந்தப் பேச்சு எதுக்கு, பேஜாரு."

உள்ளே துணி துவைத்துக்கொண்டிருந்த சின்னத்தாயி சோப்பு நுரைக் கையோடு வெளியே வந்தாள்.

"யாருடா போனது? இருக்காரு. எழுதிக்கோங்க டீச்சரம்மா. கல்யாணம் ஆனவ, புருஷன் இருக்காரு."

"எங்கே இருக்காரு சின்னத்தாயி?"

"எங்கியோ இருக்காரு. ரேஷன் கார்டுல அவரு பேரை அடிச்சுட்டாங்க. ஓட்டு லிஸ்டுலயும் அடிச்சுட்டாங்க. இருக்காருன்னு ஒரு எடத்துலயாவது எழுதியிருக்கணுமில்ல? நீங்க எழுதுங்க."

ராஜலக்ஷ்மி 'மணமானவர்' என்று எழுதினாள். சின்னத்தாயிக்குப் படிக்கத் தெரியாது. "எங்க எழுதியிருக்கு, காட்டுங்க" என்று கேட்டு, அந்த இடத்தை ஈர விரலால் தொட்டுப் பார்த்தாள். மை லேசாகப் பரவிவிட்டது. திட்டப்போகிறார்கள் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ராஜலக்ஷ்மி சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

ஆறு பிளாக்குகளுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் சந்தானம். வேறொரு பள்ளியின் ஹெட்மாஸ்டர், கணக்கு வாத்தியார், ரிடையராக ஒரு வருஷம் பாக்கி. நல்ல மனுஷர்தான், ஆனால் எதையும் கூட்டிப் பார்க்காமல் தூக்கம் வராது. படிவத்தில் கேட்டதோடு நிற்காமல் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தானே கட்டம் போட்டு, மணமான ஆண்கள் இத்தனை, மணமான பெண்கள் இத்தனை என்று சிவப்புப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். மேலிடத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அது, ரொம்பப் பெருமை வேறு.

மார்ச் மூன்றாம் தேதி பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து ராஜலக்ஷ்மியின் சீட்டுகளை எண்ணினார். எண்ணிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா இது? மணமான ஆம்பளைங்க நூத்தி நாப்பத்திரண்டு, பொம்பளைங்க நூத்தி அம்பது. எட்டுப் புருஷன்மாரைக் காணோமே, எங்கம்மா போனாங்க?"

ராஜலக்ஷ்மி விரல் மடக்கிச் சொன்னாள். துபாயில் ரெண்டு பேர், பம்பாயில் ஒருத்தர், மிலிட்டரியில் ஒருத்தர், ஜெயிலில் ஒருத்தர். மரக்கடைக்காரருக்கு ரெண்டு சம்சாரம், ரெண்டு பேருமே ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

"சரி, ஆறுக்குக் கணக்கு வந்தாச்சு. மீதி ரெண்டு?"

அவள் மேசைமேல் கிடந்த சீட்டுகளைக் கட்டாக அடுக்கினாள்.

"இதோ பாரும்மா. கல்யாணம்னா ரெண்டு பேரு. இந்தப் பக்கம் ஒண்ணு கூடினா அந்தப் பக்கமும் ஒண்ணு கூடணும், மூணாங்கிளாஸ் கணக்கு. ஒண்ணு இடிச்சா நான் விட்டுடுவேன். ஒண்ணு எல்லா பிளாக்லயும் இடிக்கும். ரெண்டு விட மாட்டேன். யாருன்னு நீயே பாத்து ஒண்ணைச் சரி பண்ணி சாயங்காலத்துக்குள்ள கொண்டா."

அவர் டீ குடிக்கப் போனார். ராஜலக்ஷ்மி காலி வகுப்பறையில் போய் உட்கார்ந்தாள். வெளியே பிள்ளைகள் கபடி ஆடும் சத்தம். கட்டைப் பிரித்து அந்த இரண்டு சீட்டுகளை எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று சின்னத்தாயியுடையது. இன்னொன்று அவளுடையது.

அவளுடைய சீட்டைத்தான் முதலில் இழுத்தாள், அதையும் சொல்லியாக வேண்டும். 'பிரிந்து வாழ்பவர்' என்று எழுத வேண்டியது, அவ்வளவுதான். அதுதான் உண்மை, எட்டு வருஷ உண்மை. பேனாவை வைத்தாள். கை வரவில்லை. சந்தானம் பார்ப்பார், அவர் சம்சாரத்திடம் சொல்லுவார், அந்த அம்மா கோயிலில் சொல்லுவாள், ஜபல்பூர் ஒரே நாளில் காற்றில் பறந்துவிடும். நாளைக்கு மூன்றாவது கிராஸில் எப்படி நடப்பது? 

சின்னத்தாயியின் சீட்டை இழுத்தாள். ரெண்டு வருஷமாக ஆள் இல்லை. சொந்தத் தம்பியே போய்விட்டான் என்கிறான். இந்தச் சீட்டை யார் பார்க்கப் போகிறார்கள்? சர்க்கார் மூட்டைக்குள் போய் எண்ணிக்கையாகக் கரையப்போகிற காகிதம். 'பிரிந்து வாழ்பவர்' என்று அவளுக்கும் எழுத மனசு வரவில்லை. புருஷன் விட்டுப் போன பெண் என்று எழுதுவது ராஜலக்ஷ்மிக்கு அவ்வளவு அசிங்கமாகப் பட்டது. செத்துப்போனவனின் பெண்டாட்டி என்றால் அதில் ஒரு மரியாதை இருக்கிறதே! புதுச் சீட்டு ஒன்று எடுத்து, பெயர், வயது எல்லாம் அழகாக எழுதி, 'துணையை இழந்தவர்' என்று முடித்தாள். உபகாரம் செய்ததாகவே நினைத்துக்கொண்டாள். பாவி மகள்.

பழைய சீட்டைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஈர விரல் பட்டு மை பரவிய இடத்தைப் பார்த்ததும் கிழிக்க முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் கல்யாணக் கூறைப்புடவையின் மடிப்புக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டினாள்.

பிள்ளையார் சதுர்த்தி முடிந்த மூன்றாம் நாள் ரங்கா வந்தான்.

கோவாவில் மாடியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து, யாரோ சர்ச்சுக்காரர்கள் நடத்தும் விடுதியில் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தானாம். எழுதத் தெரியாது, சொல்லி அனுப்ப ஆள் இல்லை. மெலிந்து, ஒரு காலை லேசாக இழுத்துக்கொண்டு வந்து நின்றான். தெருவே கூடிவிட்டது. ராஜலக்ஷ்மிக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. அடுத்த நிமிஷமே தான் மாற்றி எழுதிய சீட்டு ஞாபகம் வந்தது. சீட்டுகள் போய் ஆறு மாசம் ஆகிவிட்டது. இங்கே கண்ணெதிரே மனுஷன் டீ குடித்துக்கொண்டிருக்கிறான், அங்கே அவன் செத்துப்போயிருக்கிறான்.

ஒரு நாள் குழாயடியில் அவனே அவளைப் பார்த்துக் கும்பிட்டான்.

"டீச்சர், நான் இல்லாதப்ப கணக்கெடுக்க வந்தீங்களாமே! என்னை எங்க எழுதியிருக்கீங்க?"

"நீ ஊர்ல இல்லையேப்பா. உன் பேரு எப்படி வரும்?"

"அப்ப நான் எங்கியுமே இல்லையா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஏதோ எதிர்பார்ப்பு இருந்தது. அவள் குடம் நிரம்பிவிட்டது என்று சொல்லிப் பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. ஊரெல்லாம் வெள்ளையடிக்கிற சமயம். மல்லேஸ்வரத்தில் ஒரு மாடி வீட்டுச் சுவரில் ரங்கா சாரத்தின் மேல் நின்று அடித்துக்கொண்டிருந்தபோது மூங்கிலைக் கட்டியிருந்த கயிறு அறுந்தது. மத்தியானம் மூன்று மணிக்குக் கொண்டுவந்தார்கள். பாயில் கிடத்தி முகத்தை மூடியிருந்தார்கள். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன, முழங்கால்வரை சுண்ணாம்பு. பொம்பளைகள் கூட்டத்தில் பின்னால் நின்று ராஜலக்ஷ்மி அந்தக் கால்களையே பார்த்தாள். 'நான் மார்ச்சில் எழுதினேன், அக்டோபரில் நடந்துவிட்டது' என்று மனசுக்குள் ஒரு குரல் சொல்லிற்று.

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் ஆஜர் எடுக்கப் பேனாவைத் திறந்தாள். ஈரச் சுண்ணாம்பு வாசனை குப்பென்று வந்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் வெள்ளையடிக்கவில்லை. குனிந்து பார்த்தாள்.

கார்ப்பரேஷன் டீச்சருக்கு எழுத்து வேலைக்கா பஞ்சம்? ஓட்டு லிஸ்ட், ரேஷன் கார்டு, போலியோ சொட்டு மருந்து, எல்லாவற்றுக்கும் அவளைத்தான் அனுப்பினார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெயர் எழுத ஆரம்பித்தால் காகிதத்தின் ஓரத்தைத் தாண்டி அந்தக் கால்கள். முகம் தெரியாது, உடம்பு தெரியாது. எப்போதாவது, ரொம்பக் களைத்திருக்கிற சாயங்காலங்களில், குரலும் கேட்கும். மிரட்டலும் இல்லை, அழுகையும் இல்லை. குழாயடியில் கேட்டதே அதே குரல்தான். "டீச்சர், என்னை எங்க எழுதியிருக்கீங்க?" சனிக்கிழமைகளில் எள் விளக்குப் போட்டாள். கண் டாக்டரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார், புதுக் கண்ணாடியில் சுண்ணாம்புத் துளிகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன.

பத்து வருஷமும் அவள் வீட்டுக்கு வெள்ளையடிக்க விடவில்லை. சுவரெல்லாம் அழுக்கு ஏறி, வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். சின்னத்தாயியின் கோடி வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டாள். எதிரில் வந்தால் "நல்லா இருக்கியா" என்பாள், பதில் வருவதற்குள் நடந்துவிடுவாள். யாரிடமாவது சொல்லி அழுதிருக்கலாம். சொன்னால், ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் ஜபல்பூரில் போய் முடியும். எத்தனை கெட்டிக்காரத்தனமாகத் தன்னைத் தானே பூட்டி வைத்துக்கொண்டாள் பாருங்கள்.

இரண்டாயிரத்து ஒன்றில் மறுபடியும் கணக்கெடுப்பு. முதுகு வலி, கண் சரியில்லை என்று எழுதிக் கொடுத்துப் பார்த்தாள், செல்லவில்லை. ட்ரெயினிங்குக்குப் போனாள். பாடம் எடுத்தவள் சுப்ரியா என்ற சின்ன வயது அதிகாரி. தமிழும் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து படபடவென்று பேசினாள். திருமண நிலை வந்ததும் ராஜலக்ஷ்மி எழுந்து நின்றாள்.

"மேடம், மணமான ஆம்பளைங்களும் பொம்பளைங்களும் டேலி ஆகலைன்னா என்ன செய்யணும்?"

"ஏன் டேலி ஆகணும்?" என்றாள் சுப்ரியா. "புருஷன் வேற ஊர்ல இருப்பான். ஒருத்தனுக்கு ரெண்டு பேர் இருப்பாங்க. அவன் இல்லைன்னுவான், அவ ஆமான்னுவா. நாம ஜட்ஜ் இல்லம்மா. தாலி இருக்கா, சர்ட்டிபிகேட் இருக்கா, கோர்ட்டு ஆர்டர் இருக்கான்னு கேக்கவே கூடாது. அவங்க வாயால என்ன சொல்றாங்களோ அதான் ரெக்கார்டு. நாட்டுல எங்க எடுத்தாலும் மணமான பொம்பளைங்கதான் ஜாஸ்தி வருவாங்க. பிடு, விட்டுத்தள்ளுங்க, அது அப்படித்தான்."

"தொண்ணூத்தி ஒண்ணுல சரி பண்ணச் சொன்னாங்க."

"யாரு சொன்னது? எந்த புஸ்தகத்துலயும் அப்படி இல்லையே!"

வகுப்பு சிரித்தது. ராஜலக்ஷ்மி உட்கார்ந்தாள். சந்தானம் செத்து நாலு வருஷம் ஆகிறது, சண்டை போடக்கூட ஆள் இல்லை. ஒரு வாத்தியாரின் நாற்பது பக்க நோட்டுக்காகவா அந்தச் சீட்டை மாற்றினாள்? சே! அதுவும் பொய். நோட்டுக்காக இல்லை. தனக்காகத்தான்.

அதே பிளாக்தான் கிடைத்தது. மற்ற எல்லா வீட்டையும் முடித்தாள், கோடி வீட்டையும் தன் வீட்டையும் மட்டும் தள்ளிக்கொண்டே போனாள். பிப்ரவரி இருபத்தேழாம் தேதி, இனித் தள்ள நாள் இல்லை. கூறைப்புடவையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு மத்தியானம் கிளம்பினாள்.

சின்னத்தாயி அப்போதுதான் வேலை முடிந்து வந்து சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள், கொழுந்தன் தனிக்குடித்தனம் போய்விட்டான், இவள் மட்டும்தான் இங்கே. சுவரில் ரங்காவின் போட்டோ, பிளாஸ்டிக் மாலை.

"வாங்க டீச்சரம்மா. எங்க வூட்டுக்கு வழி மறந்துடுச்சுன்னு நெனச்சேன். மோர் குடிக்கிறீங்களா?"

ராஜலக்ஷ்மி படிவத்தை விரித்தாள். பேனாவைத் திறந்தாள். வாசனை வந்தது. குனிந்து பார்க்கவில்லை; பார்க்காமலே தெரிந்தது. பெயர் எழுதினாள், வயது எழுதினாள். திருமண நிலை வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். எட்டுப் புருஷன்மாரைக் காணோம் என்றது, இரண்டு சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது, எதை விட்டு எதை மாற்றினாள் என்பது, ஏன் என்பது, ஜனங்கள் வாயால் சொல்வதைத்தான் எழுத வேண்டும் என்பது. மேசைக்கு அடியில் வருகிற கால்களைப் பற்றியும் சொன்னாள். சொல்லி முடித்து, மை பரவிய சீட்டை எடுத்து நீட்டினாள்.

"நான் எழுதினதாலதான் அவரு போயிட்டாரு சின்னத்தாயி."

சின்னத்தாயி கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"கயிறு அறுந்து செத்தாரு. மழையில நனைஞ்ச பழைய கயிறு, மேஸ்திரி மாத்தலை. உன் பேனாவுக்கு அவ்வளவு தெம்பு இருந்துச்சுன்னா இந்த ஊர்ல ஒருத்தனும் மிஞ்சியிருக்க மாட்டான்."

ராஜலக்ஷ்மிக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. ஆனால் சின்னத்தாயி முடிக்கவில்லை.

"அது வேற. இது வேற. நாப்பத்திரண்டு நாள் இந்த வூட்டுல இருந்தாரு. ரேஷன் கார்டுல அடிச்சுட்டாங்க, ஓட்டு லிஸ்டுல அடிச்சுட்டாங்கன்னு அவருக்கு ஒரே மனசு கஷ்டம். நான் சொல்லுவேன், எல்லாரும் அடிச்சா என்ன, டீச்சரம்மா உன்னை விட்டுக் குடுக்கலை, அவங்க எழுதின சீட்டுல நீ இருக்கேன்னு. சின்னப் புள்ளை மாதிரி மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேப்பாரு. உன் வாயால கேக்கணும்னுதான் குழாயடிக்கு வந்தாரு."

 பத்து வருஷமாக ராஜலக்ஷ்மி அந்தக் கேள்வியைத் தண்டனை என்று நினைத்திருந்தாள். அந்த மனிதன் நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறான். 'என் பெண்டாட்டி பக்கத்தில் என்னை வைத்திருக்கிறீர்களாமே' என்று கேட்க வந்தவனை விட்டுவிட்டுப் பாதிக் குடத்தோடு ஓடியிருக்கிறாள். அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சின்னத்தாயி தேற்றவில்லை. அழுது முடியட்டும் என்று காத்திருந்தாள்.

"இன்னொண்ணும் கேளு," என்றாள். "உன் வூட்டுக்காரரை மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். நீ போன தடவை கணக்கெடுக்க வந்த வருஷத்துக்கு முந்தின வருஷம். கூட ஒரு பொம்பளை, தோள்ல ஒரு புள்ளை, கையில ஒரு புள்ளை. என்னைப் பாத்துட்டு மூஞ்சைத் திருப்பிக்கிட்டாரு."

ராஜலக்ஷ்மியின் கை தானாகத் தாலியைத் தேடிற்று.

"நம்ம தெருவுல ஒருத்திகிட்ட சொல்லியிருந்தா போதும். எனக்கு மனசு வரலை. டீச்சரம்மா ஜபல்பூருன்னு சொல்றாங்க, ஜபல்பூருன்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன். இன்னிக்கு வரைக்கும் வாயைத் திறக்கலை."

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.  ராஜலக்ஷ்மி தரையைப் பார்த்தபடி, "என்னை மன்னிச்சுடு" என்றாள்.

"அதெல்லாம் தெரியாது. எழுது. கல்யாணம் ஆனவ. புருஷன் இருக்காரு."

"சின்னத்தாயி..."

"வாயால என்ன சொல்றாங்களோ அதைத்தான் எழுதணுமா இல்லையா?"

"அதைத்தான் எழுதணும்."

"அன்னைக்கு நான் சொன்னதை எழுதலை. இன்னைக்கு சொல்றதை எழுது."

ராஜலக்ஷ்மி எழுதினாள். சின்னத்தாயி குனிந்து, எங்கே என்று கேட்டு, அந்த இடத்தை விரலால் தொட்டாள். இந்தத் தடவை விரல் காய்ந்திருந்தது. பழைய சீட்டை வாங்கி ரங்காவின் போட்டோவுக்குப் பின்னால் செருகினாள். "சோறு ஆறிடுச்சு" என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போய்வா என்று சொல்லவில்லை.

ராஜலக்ஷ்மி வீட்டுக்கு வந்தாள். ஒரே ஒரு வீடுதான் பாக்கி இருந்தது. அழுக்குச் சுவருக்கு எதிரே மேசையைப் போட்டு, தன் பெயரை எழுதினாள், ஐம்பத்து மூன்று என்று எழுதினாள். திருமண நிலை. கால்கள் வந்து நின்றன. சுண்ணாம்பு இன்னும் காயாத கால்கள்.

"டீச்சர், என்னை எங்க எழுதியிருக்கீங்க?"

"உன் வீட்டுலதான்பா," என்றாள் அவள் உரக்க. "சின்னத்தாயி பக்கத்துல."

 கால்கள் போகவில்லை. மனசறிந்து இரண்டாவது தடவையாகத் தன் பெயருக்கான அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் பேனாவை வைத்தாள். யாரும் வாசலில் நின்று கேட்கவில்லை, யாரும் சரி பண்ணி வா என்று சொல்லவில்லை.  'பிரிந்து வாழ்பவர்' என்று எழுதினாள். பதினெட்டு வருஷம் ஜபல்பூரில் இருந்த மனிதர் ஒரு வரியில் மைசூர் ரோட்டுக்குத் திரும்பி வந்தார்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு அம்மா வழக்கம்போல் வாசலில் நின்று, "சார்கிட்டேயிருந்து போன் ஏதாவது வந்துதா டீச்சர்?" என்று கேட்டாள்.

"அவரு என்னை விட்டுட்டுப் போய் பதினெட்டு வருஷம் ஆச்சும்மா," என்றாள் ராஜலக்ஷ்மி. படிவக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்றாவது கிராஸில் நடந்தாள். பின்னால் ஒரு காலை லேசாக இழுத்துக்கொண்டு யாரோ வருகிற சத்தம் கேட்டது. அவள் வேகத்தைக் குறைத்துக்கொண்டாள், அவன் கூட நடந்து வருவதற்கு வாகாக.